மாடெட் மைன்கிராஃப்டில் எந்த ஜெனரேட்டர் போடுவது? ரங்கூன்காரன் போட்ட கணக்கு

மௌல்மீனில் இருக்கும் சித்தி மகன் போன வாரம் ஒரு படம் அனுப்பினான். சமவெளியில் வரிசையாக 32 சோலார் ஜெனரேட்டர், நடுவில் அவன் வீடு, வீட்டுக்குள் மெஷின் எல்லாம் அணைந்து கிடக்கிறது, ஏனென்றால் விளையாட்டில் அப்போது ராத்திரி. கீழே ஒரே ஒரு கேள்வி: "அண்ணே, எந்த ஜெனரேட்டர்தான் நல்லது?"

அவனுக்கு போனில் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். மைன்கிராஃப்டில் மற்றவர்கள் செய்து சேர்க்கும் கூடுதல் பகுதிதான் மோட், பல மோட்களின் தொகுப்பு பேக். நான் அதிகம் ஆடியது மெக்கானிசம், இம்மெர்சிவ் இன்ஜினியரிங் என்ற இரண்டு மோட்களும் இருக்கும் பேக்குகள், அதனால் எண்கள் பெரும்பாலும் அங்கிருந்து வருகின்றன. எல்லாம் மோட் தரும் இயல்பான அளவு. உங்கள் பேக்கைச் செய்தவர் கான்ஃபிக்கில், அதாவது அமைப்புக் கோப்பில், கை வைத்திருக்கலாம், ஆகவே மெஷின் மேல் மவுசை வைத்து ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த ஜெனரேட்டர் என்பது கடைசிக் கேள்வி. இதை நம் ஊர்க்காரனுக்கு விளக்கவே வேண்டியதில்லை. கரண்ட் நாலு மணி நேரம் இருந்து நாலு மணி நேரம் போகிற ஊரில் இன்வெர்ட்டர் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் என்ன கேட்பார்? என்னென்ன ஓட வேண்டும் என்று கேட்பார். இரண்டு லைட், ஒரு ஃபேன், போன் சார்ஜ், வைஃபை. அயர்ன் பாக்ஸும் சோற்றுக் குக்கரும் வேண்டும் என்றால் விலை வேறே. வீட்டில் இவ்வளவு தெளிவாக யோசிக்கிறவன் விளையாட்டுக்குள் போனதும் மறந்துவிட்டு, பார்த்த ஜெனரேட்டரை எல்லாம் கட்டி அடுக்குகிறான்.

சரி, லோடைப் பார்ப்போம். மெக்கானிசத்தில் கணக்கு ஜூலில் வரும், மற்ற மோட்களில் எஃப்இ அல்லது ஆர்எஃப் என்ற அலகில். இரண்டரை ஜூல் ஒரு எஃப்இ, எஃப்இயும் ஆர்எஃபும் ஒன்றேதான். எல்லாமே ஒரு டிக்குக்கு எவ்வளவு என்று சொல்லப்படும், ஒரு விநாடிக்கு 20 டிக். இப்போது தம்பி வைத்திருந்தது ஒரு தாதுவை மூன்று மடங்காக்கும் வரிசை. பியூரிஃபிகேஷன் சேம்பர் 200 ஜூல், கிரஷர் 50, என்ரிச்மென்ட் சேம்பர் 50, ஸ்மெல்ட்டர் 50. கூட்டினால் டிக்குக்கு 350 ஜூல், அதாவது 140 எஃப்இ. பியூரிஃபிகேஷன் சேம்பருக்கு வேண்டிய ஆக்சிஜனுக்குத் தண்ணீரைப் பிரிக்கும் செலவு இதில் சேராது, அதைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அவனுடைய சோலார் ஒன்று 50 ஜூல் தரும், 20 எஃப்இ. 32 என்றால் 640. தேவை 140, பகலில் வருவது 640! பகல் முழுக்க 500 எஃப்இ யாருக்கும் இல்லாமல் வீணாகப் போகிறது, ராத்திரி பூஜ்யம். அவனிடம் இல்லாத பொருள் பேட்டரி, அதுதான் மொத்தக் கோளாறும்.

விளையாட்டில் ஒரு முழு நாள் 20 நிமிடம், நல்ல வெயில் அதில் பாதி. ஆக சோலாரில் எழுதியிருக்கும் எண்ணைப் பாதியாக்கிக்கொண்டுதான் கணக்கைத் தொடங்க வேண்டும். 140 வேண்டுமென்றால் 280க்குக் கட்ட வேண்டும், 14 பேனல் போதும், மழைக்காக நாலைந்து கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். வெயில் இல்லாத பத்து நிமிடம் என்பது 12,000 டிக். 140ஐ 12,000ஆல் பெருக்கினால் 16 லட்சத்து 80 ஆயிரம் எஃப்இ. அவ்வளவும் பிடிக்கிற பேட்டரி வேண்டும். இம்மெர்சிவ் இன்ஜினியரிங்கில் நடுத்தரக் கெப்பாசிட்டர் ஒன்று பத்து லட்சம் பிடிக்கும், அது ஒன்று பற்றாது. பெரியது 40 லட்சம் பிடிக்கும், ஒன்றே போதும். தனியாக ஆடுகிறவர் ராத்திரியானதும் படுத்துவிட்டால் இரவே கிடையாது, அவருக்குச் சின்ன பேட்டரி போதும். சர்வரில் நாலு பேரோடு ஆடும்போது எல்லாரும் ஒரே நேரத்தில் படுக்க மாட்டார்கள், அங்கே முழுக் கணக்கும் வேண்டும்.

பேட்டரிக்கு இன்னொரு வேலையும் உண்டு. எங்கள் பக்கத்துக் கோயில் தீமிதிக்கு வாடகை டீசல் ஜெனரேட்டர் வரும். சீரியல் லைட், டியூப் லைட், மைக் செட் எல்லாவற்றையும் யாராவது ஒரு ஆர்வக்கோளாறு ஒரே நேரத்தில் போட்டால் மெஷின் முக்கி நின்றுவிடும். ஒவ்வொன்றாகப் போட்டால் அதே மெஷின் விடிய விடிய ஓடும். விளையாட்டிலும் எல்லா மெஷினும் சேர்ந்து இழுக்கிற நேரம் கொஞ்சம்தான், மற்ற நேரமெல்லாம் பாதி மெஷின் சும்மா நிற்கும். ஆகவே ஜெனரேட்டரைச் சராசரி லோடுக்கு வாங்குங்கள், உச்ச லோடை பேட்டரியின் தலையில் போடுங்கள். சராசரி எவ்வளவு என்பது தெரியாவிட்டால் பேட்டரியை நிரப்பி, ஜெனரேட்டரைக் கழற்றிவிட்டு, பத்து நிமிடம் வழக்கம்போல் ஆடிவிட்டு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பாருங்கள். குறைந்ததை 12,000ஆல் வகுத்தால் வந்துவிட்டது.

இனி அப்கிரேடு. பெரும்பாலானவர்கள் தவறுகிற இடம் இதுதான், நானும் முதல் இரண்டு உலகத்தில் இங்கேதான் விழுந்தேன். மெக்கானிசத்தில் ஸ்பீடு அப்கிரேடு எட்டும் போட்டால் மெஷின் பத்து மடங்கு வேகம், ஆனால் டிக்குக்கு இழுக்கும் கரண்ட் நூறு மடங்கு. அதே வரிசை 350 ஜூலிலிருந்து 35,000க்குத் தாவிவிடும். உடனே எல்லாரும் என்ன செய்வார்கள், பெரிய ஜெனரேட்டரைத் தேடி ஓடுவார்கள். ஓடாதீர்கள். எனர்ஜி அப்கிரேடு எட்டு போட்டால் அது பத்தில் ஒன்றாகக் குறைந்து 3,500 ஆகிவிடும். இரண்டும் முழுசாக இருந்தால் வேகம் பத்து மடங்கு, செலவும் பத்து மடங்கு, அதாவது ஒரு தாதுக்கு ஆகும் செலவு பழையபடியே. உச்சியில் வைத்த, ஒன்று 480 ஜூல் தரும் காற்றாலைக் கணக்கில் சொன்னால் 73 தேவைப்பட்ட இடத்தில் எட்டு போதும். அந்த அப்கிரேடுகளைச் செய்யக் கொஞ்சம் தங்கம் செலவாகும், 65 காற்றாலை செய்வதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

காற்றாலை என்று சொன்னேன் இல்லையா, ஆரம்பத்துக்கு என் ஓட்டு அதற்குத்தான். மெக்கானிசத்தின் காற்றாலை உயரத்தைப் பொறுத்து 60 ஜூலிலிருந்து 480 ஜூல் வரை தரும். அட்வான்ஸ்டு சோலார் 300 தரும், ஆனால் பகலில் மட்டும், சராசரி போட்டால் 150 பக்கம்தான் நிற்கும். காற்றாலைக்கு இரவு பகல் கிடையாது. ஆக மலையுச்சியில் வைத்த ஒரு காற்றாலை மூன்று அட்வான்ஸ்டு சோலாருக்குச் சமம், அதைவிட மலிவு, எரிபொருளும் தேவையில்லை. வீட்டுக் கூரையில் வைத்துவிட்டு "என்னது இவ்வளவு குறைவாக வருகிறது" என்று திட்டாதீர்கள். மலை இல்லாவிட்டால் ஒரு தூண் எழுப்பி உச்சியில் வையுங்கள். மேலே வானம் மறையக் கூடாது, அவ்வளவுதான்.

எரிபொருள் போடும் ஜெனரேட்டருக்கு வருவோம். பெகோ பக்கம் எங்கள் மாமா ஊரில் ரைஸ் மில்லில் உமியைக் கொட்டி எரித்துத்தான் மெஷின் ஓட்டுவார்கள். உமியைச் சூடாக்கி அதிலிருந்து வாயு எடுத்து இன்ஜின் ஓட்டி, ஊருக்கே ராத்திரியில் லைட் கொடுக்கிற இடங்களும் பர்மாவில் உண்டு. நெல் அரைப்பதுதான் தொழில், உமி எப்படியும் குவியும், அதற்கென்று யாரும் தனியாக விதைப்பதில்லை. விளையாட்டிலும் அந்தக் கண்ணோடு உங்கள் பெட்டிகளைத் திறந்து பாருங்கள். எது தேவைக்கு மேல் குவிந்து கிடக்கிறது? அதுதான் உங்கள் எரிபொருள்.

மரப் பண்ணை இருந்தால் மரக்கட்டை குவியும். கட்டையை அப்படியே எரித்தால் 300 டிக். நாலு பலகையாக அறுத்தால் ஒவ்வொன்றும் 300, மொத்தம் 1,200. கரியாக்கினால் 1,600, ஆனால் கரியாக்க அடுப்பு 200 டிக் எரிய வேண்டும், மிச்சம் 1,400. இந்த 200 டிக் வித்தியாசத்துக்காகத் தனியே அடுப்பு வரிசை கட்டுவதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம், எனக்கு பலகையே போதும் என்று பல நேரம் தோன்றியிருக்கிறது. கரியா நிலக்கரியா என்பதில் வித்தியாசமில்லை, இரண்டும் 1,600தான். நிலக்கரி நிறைய இருந்தால் ஒன்பதைச் சேர்த்துக் கட்டியாக்கி எரியுங்கள். ஒன்பது தனித்தனியாக 14,400 டிக், கட்டி 16,000, சும்மா கிடைக்கிற லாபத்தை ஏன் விட வேண்டும்?

லாவா ஒரு வாளி 20,000 டிக் எரியும். மைன்கிராஃப்ட் 1.17இல் வந்த சொட்டுக்கல்லின் மேல் லாவா வைத்து, அடியில் கொப்பரை வைத்தால் அது தானாக நிரம்பும். சராசரியாக 19 நிமிடத்துக்கு ஒரு வாளி. ஒரு வாளி எரிந்து தீர 17 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. அதாவது அடுப்பு வேகத்தில் எரிக்கும் ஆறு ஜெனரேட்டருக்கு ஏழு கொப்பரை வைத்துவிட்டால் காலத்துக்கும் கவலையில்லை. லாவாவுக்கென்றே இருக்கும் ஜெனரேட்டர்கள் வேறு வேகத்தில் குடிக்கும், அதற்குத் தகுந்தாற்போல் கொப்பரையைக் கூட்டுங்கள். நெதர் என்ற பாதாள உலகத்தின் லாவாவைப் பம்ப் போட்டு உறிஞ்சுவது வேகம்தான், ஆனால் சுற்றியிருக்கும் லாவா ஓடி ஓடி நிரம்பும்போது சர்வர் திணறும், கூட ஆடுகிறவர்களிடம் திட்டு வாங்க வேண்டியிருக்கும்.

பயிர்ப் பண்ணை வைத்திருப்பவருக்கு மெக்கானிசத்தில் பயோ ஜெனரேட்டர், 350 ஜூல். தற்செயலாகப் பாருங்கள், தம்பியின் வரிசை இழுப்பதும் சரியாக அதே 350. உருளைக்கிழங்கு, கோதுமை, நாற்று எது மிஞ்சினாலும் கிரஷரில் போட்டால் பயோ எரிபொருள். அதே எரிபொருளைத் தண்ணீர், ஹைட்ரஜனோடு சேர்த்து பிரஷரைஸ்டு ரியாக்ஷன் சேம்பரில் போட்டால் எத்திலீன் வரும், கேஸ் பர்னிங் ஜெனரேட்டரில் எரித்தால் பயோ ஜெனரேட்டரெல்லாம் விளையாட்டுப் பொம்மை என்று தோன்றிவிடும். நடுக் காலத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு நான் பார்த்ததில்லை. இம்மெர்சிவ் இன்ஜினியரிங் பிரியர் என்றால் விதையைப் பிழிந்து எண்ணெய், பயிரைப் புளிக்க வைத்து எத்தனால், இரண்டையும் சுத்திகரித்து பயோடீசல், அதைக் குடிக்கும் டீசல் ஜெனரேட்டர் டிக்குக்கு 4,096 எஃப்இ. பெரிதாக, சத்தமாக, பார்க்கவே அழகாக இருக்கும்.

ஆனால் ஒன்று, இந்தச் சங்கிலியில் வரும் ஒவ்வொரு மெஷினும் கரண்ட் தின்னும். ஹைட்ரஜன் பிரிக்க, நசுக்க, பம்ப் ஓட்ட, அறுவடை செய்ய. ஜெனரேட்டரில் தெரியும் எண்ணிலிருந்து இதையெல்லாம் கழித்தால் வருவதுதான் உங்கள் கைக்கு வரும் கரண்ட். முதல் தடவை எத்திலீன் கட்டியபோது பாதி வருமானம் அதையே ஓட்டப் போய்க்கொண்டிருந்தது, ஏனென்றால் பண்ணை மெஷின்களில் ஸ்பீடு அப்கிரேடு மட்டும் போட்டு வைத்திருந்தேன். அப்புறம், தண்ணீரைப் பிரித்து அந்த ஹைட்ரஜனை எரித்தால் இலவசக் கரண்ட் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். போட்டதுதான் திரும்ப வரும், அதுவும் கட்டிய உழைப்பு வீண்.

சங்கிலியின் இன்னொரு ஆபத்து, கரண்ட் சுத்தமாகத் தீர்ந்துவிட்டால் எரிபொருள் செய்யும் மெஷினும் நின்றுவிடும், எரிபொருள் இல்லாமல் கரண்ட் வராது. இதற்காக ஒரு மூலையில் இரண்டு காற்றாலையை எரிபொருள் வரிசைக்கு மட்டும் தனியாக இணைத்து விடுங்கள். மற்றதெல்லாம் இருண்டு போனாலும் அது மட்டும் ஓடும், கொஞ்ச நேரத்தில் எல்லாம் உயிர் பிடித்துவிடும்.

வயர் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். கேபிளுக்கும் ஒரு அளவு உண்டு, ஜெனரேட்டர் கொட்டினாலும் கேபிள் கடத்துவதுதான் மெஷினுக்கு வரும். பேட்டரி நிறைந்திருக்க மெஷின் மட்டும் மெதுவாக ஓடினால் முதலில் கேபிளைப் பாருங்கள். இம்மெர்சிவ் இன்ஜினியரிங் வயரில் தூரத்துக்கு ஏற்ப இழப்பு உண்டு, அளவு மீறினால் எரிந்தே போகும். கயா மாநிலத்து லாபித்தா நீர்மின் நிலையம் 1960இல் ஓடத் தொடங்கியது, இன்று 168 மெகாவாட், அங்கிருந்து ரங்கூனுக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் லைன். தண்ணீர் மலையில் இருப்பதால் அவர்களுக்கு வேறு வழியில்லை. உங்களுக்கு வழி இருக்கிறது, ஜெனரேட்டர் பக்கத்திலேயே மெஷின் அறையைக் கட்டுங்கள். ஜெனரேட்டரும் பண்ணையும் நீங்கள் தூரம் போனாலும் ஓட வேண்டுமென்றால் அந்தச் சங்க்குகளை, அதாவது அவை இருக்கும் உலகத் துண்டுகளை, லோடு செய்து வைக்கவும் மறக்காதீர்கள், இல்லாவிட்டால் நீங்கள் நெதரில் சுற்றும் நேரமெல்லாம் அவையும் தூங்கும்.

நம் லேப்டாப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். என்னுடையது 8 ஜிபி ராம், ஃபேன் போடும் சத்தத்தில் அம்மா எட்டிப் பார்ப்பார். விளையாட்டு விநாடிக்கு 20 டிக் ஓட வேண்டும், அது 10க்கு விழுந்தால் உங்கள் எல்லா மெஷினும் பாதி வேகம், எல்லா ஜெனரேட்டரும் பாதி வருமானம். இருநூறு சோலார் பேனலும் அவற்றை இணைக்கும் கேபிளும் சேர்ந்து செய்கிற வேலை அதுதான். அதனால் ஒரு கட்டத்துக்கு மேல், சின்னது நூறு வைப்பதைவிடப் பெரியது ஒன்று வைப்பது லேப்டாப்புக்கு நல்லது.

பெரியது என்றால் ரியாக்டர். எப்போது போடலாம்? எத்திலீன் ஓடியும் பேட்டரி தினம் தினம் காலியாகிற நிலை வந்த பிறகு. அதற்கு முன் போடுவது கௌரவத்துக்கு மட்டும். எக்ஸ்ட்ரீம் ரியாக்டர்ஸ் என்ற மோட் இருந்தால் அது பயமில்லாத வழி, டர்பைன் சேர்த்தால் சுழற்சியை நிமிடத்துக்கு 1,800இல் நிறுத்தப் பாருங்கள், அங்கேதான் நல்ல வருமானம்.

மெக்கானிசத்தின் ஃபிஷன் ரியாக்டர் வெடிக்கும், கதிர்வீச்சு பரவும். நான் ஒரு வீட்டையே அப்படி இழந்திருக்கிறேன், அதுவும் எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்த நாளில். என்ன நடந்தது என்றால், பேட்டரி நிறைந்துவிட்டது. பேட்டரி நிறைந்ததும் டர்பைனும் நிறைந்தது, நிறைந்த டர்பைன் நீராவியை வாங்கவில்லை, நீராவி தேங்கியதும் ரியாக்டரின் சூடு வெளியேற இடமில்லை. 1,200 கெல்வினுக்கு மேல் போனால் சேதம் ஏறத் தொடங்கும். நான் அப்போது சுரங்கத்தில் வைரம் தேடிக்கொண்டிருந்தேன். டர்பைன் திரையில் மிஞ்சும் நீராவியை வெளியே விடும் அமைப்பு ஒன்று இருக்கிறது, ரியாக்டரைப் பற்றவைக்கும் முன் அதைப் போட்டுவிடுங்கள். கூடவே ரியாக்டரின் நிலையைக் கவனிக்கும் லாஜிக் அடாப்டர் வைத்து, சூடு ஏறினாலோ கழிவு நிரம்பினாலோ ரெட்ஸ்டோன் சிக்னலில் தானாக அணையும்படி செய்யுங்கள். எரியும் வேகம் இயல்பாக 0.1இல் இருக்கும், அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள், ஒவ்வொரு தடவையும் சூடு நிலைக்கும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள். வீட்டிலிருந்து தள்ளிக் கட்டுங்கள் என்று சொல்லவும் வேண்டுமா. வயரும் தூரமும் பற்றி மேலே சொன்னதற்கு இது ஒன்றுதான் விதிவிலக்கு.

தம்பி இப்போது 20 பேனலை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைக் கழற்றிவிட்டான், ஒரு பெரிய கெப்பாசிட்டர், மலையில் மூன்று காற்றாலை. ராத்திரியிலும் ஸ்மெல்ட்டர் எரிகிறது. அடுத்ததாக உருளைக்கிழங்கு நடுகிறானாம்.

விளையாட்டுக்கு வெளியே ஒரு விஷயம். பேட்டரி இல்லாத டெஸ்க்டாப்பில் ஆடுகிறவர்கள், கரண்ட் போகிற நேரத்துக்குக் கால் மணி முன்னாலேயே உலகத்தைச் சேவ் செய்து வெளியே வந்துவிடுங்கள். சேவ் ஆகிக்கொண்டிருக்கும்போது அணைந்தால் சங்க் கெட்டுப்போகும், எனக்கு ஒரு தடவை பேட்டரி அறை இருந்த சங்க் புதுசாக முளைத்து, அந்த இடத்தில் ஒரு ஆடு நின்றுகொண்டிருந்தது. வாரம் ஒரு தடவை சேவ் ஃபோல்டரை நகலெடுத்து பென் டிரைவில் போட்டு வையுங்கள். தெருவில் "மீ லா பி", அதாவது கரண்ட் வந்துவிட்டது என்று பர்மியச் சத்தம் கேட்டதும் முதல் காரியமாகப் போட வேண்டியது போன் சார்ஜர், விளையாட்டு அதற்கப்புறம்.